பதினொராயிரம் மெகாபைட் உரை

ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனிலிருந்து இறங்கி நடக்கும் வழியில் சபாரத்தினம் அண்ணை இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கடை வைத்திருந்தார். பால், பாண், பியர், லொத்தர் டிக்கெட், முருங்கைக்காய் எல்லாம் ஒரே கூரைக்குள் விற்ற கடை. அவரிடம் ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் பையில் போட்டு, பையின் வாயை முடிச்சுப் போட்டு, வாங்கினவரின் கையில் வைத்து, அவர் பிடித்துக்கொண்டார் என்று தெரிந்த பிறகுதான் தன் கையை எடுப்பார். பொருள் கைமாறுவது என்றால் அவருக்கு அதுதான். மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

கடையை விற்று ஓய்ந்த பிறகு அவரிடம் நிறைய நேரமும் நிறைய உரைகளும் மிஞ்சின. எங்கள் வேலங்கேணி மத்திய கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளை அந்த இரண்டுக்கும் இடம் கொடுத்தது. முதலில் உறுப்பினர், பிறகு உபதலைவர், பிறகு தலைவர். தலைவரான நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயும் கோட் போட்டுக்கொண்டு திரிகிறார் என்று அவருடைய மனைவி கனகாம்பிகை அக்கா சொல்வார். குளிருக்கு என்று அண்ணை சொல்வார். இது நடந்தது யூன் மாதத்தில்.

நானும் அந்த நிர்வாகக் குழுவில்தான் இருக்கிறேன். நூலகப் பொறுப்பாளர். சங்கத்துக்கு நூலகம் இல்லை.

கொரோனா வருடத்தில் தொடங்கிய பழக்கம் ஒன்று எங்களிடம் இன்னும் நிற்கவில்லை. ஊரில் கல்லூரியின் பரிசளிப்பு விழா நடக்கும்போது லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் கிளைத் தலைவர்கள் வாழ்த்துரையை வீடியோவில் அனுப்புவார்கள். மண்டபத்தில் பெரிய திரையில் அதைப் போடுவார்கள். திரை நாங்கள் வாங்கிக் கொடுத்தது. புரொஜெக்டர் ரொறன்ரோ கொடுத்தது. பாரிஸ் வயர் கொடுத்தது. வயர் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் என்னத்துக்கு என்று பாரிஸ்காரர் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள்.

இந்த முறை எங்கள் தலைவர் போனில் எடுக்கிற வேலையே வேண்டாம் என்றுவிட்டார். கலியாணம், சாமத்தியவீடு என்று வீடியோ எடுக்கிற ஜெஸ்ரினைக் கூப்பிட்டார். சோபாவை ஒதுக்கி, பிளாஸ்டிக் பூச்சாடியை முன்னுக்கு வைத்து, பொன்னாடையைத் தானே தனக்குப் போர்த்திக்கொண்டு அண்ணை இருந்தார். முன்னால் ஒரு கமரா, பக்கத்தில் ஒரு கமரா. மூன்றாவது ட்ரோன். அதை வீட்டுக்குள் விட ஏலாது என்றபடியால் அண்ணை தோட்டத்தில் சிந்தனையோடு நடந்து வருவதை அது மேலிருந்து எடுத்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி உடுப்புக் காயப் போட்டபடி கையசைத்தது அதில் தெளிவாக விழுந்திருக்கிறது.

உரை முப்பத்தெட்டு நிமிடம். "பெருமதிப்புக்குரிய" என்று தொடங்கி ஒவ்வொருவராக விளித்து முடிக்கவே ஒன்பது நிமிடம் போயிற்று. ஜெஸ்ரின் அதைச் சினிமாத் தரத்தில் செய்து, ஒரே ஃபைலாக அண்ணையின் கொம்பியூட்டரில் ஏற்றிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணை மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு, கல்லூரி அதிபருக்கு இமெயில் எழுதினார். "இத்துடன் எனது உரை இணைக்கப்பட்டுள்ளது" என்று முடித்து, வீடியோவை இணைக்கப் போனார். இணைய மறுத்தது. திரும்பச் செய்தார். கொம்பியூட்டரை அணைத்துப் போட்டுச் செய்தார். கோட்டைக் கழற்றிவிட்டுச் செய்தார். பிறகு வத்சலாவுக்குப் போன் எடுத்தார்.

வத்சலா எங்கள் செயலாளர். ஹவுன்ஸ்லோவில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் வேலை. ஆறு வருடத்துக்கு முன்பு செயலாளர் பதவிக்கு ஆட்களைக் கேட்டபோது எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். இவள் கூரையைப் பார்த்துவிட்டாள். ஏகமனதாகத் தெரிவானாள்.

"பிள்ளை, இது போகுதில்லை. இருபத்தஞ்சு மெகாபைட்டுக்கு மேலை ஏத்தாதாம்."

"உங்கட ஃபைல் எவ்வளவு அண்ணை?"

அண்ணை கிட்டப் போய்ப் பார்த்தார். "பதினொராயிரம்."

"ஐயோ அண்ணை, அது ஒருநாளும் போகாது."

"ரொறன்ரோக்காரன்ரை எவ்வளவாம்?"

"அவர் போனிலை எடுத்தவர். பதினெட்டு எண்டு சொன்னவை."

"பதினெட்டாயிரமோ?"

"வெறும் பதினெட்டு, அண்ணை."

அதோடு அண்ணையின் குரலில் இருந்த கவலை போய்விட்டது. "சரி பிள்ளை, இதுக்கு ஒரு வழி பாப்பம்" என்று சந்தோசமாக வைத்தார். அன்று பொழுது படுவதற்குள் கிங்ஸ்பரி தொடக்கம் ஹவுன்ஸ்லோ வரை சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது: ரொறன்ரோவின் உரை பதினெட்டு, எங்கள் தலைவரின் உரை பதினொராயிரம்.

வழி கேட்பதற்கு அண்ணைக்கு ஒருவர் இருந்தார். இரண்டு வீடு தள்ளி இருக்கிற குருமூர்த்தி. கும்பகோணத்துக்காரர், ஒரு வங்கியின் கொம்பியூட்டர் பகுதியில் பெரிய வேலை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருநாள் அண்ணையின் பிரிண்டரைத் திருத்திக் கொடுத்த குற்றத்துக்காக அவரைச் சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர் ஆக்கியிருந்தோம்.

"சார், இது ரொம்ப சிம்பிள்" என்றார் குருமூர்த்தி. "வீடியோவை நெட்ல ஒரு இடத்துல ஏத்தி வெச்சிடலாம். மெயில்ல லிங்க் மட்டும் அனுப்புவோம். அவங்க கிளிக் பண்ணி எடுத்துப்பாங்க. ரெண்டு நிமிஷ வேலை, நானே பண்ணித் தர்றேன்."

"ஏத்தி வைக்கிற இடம் ஆற்றை?"

"அது ஒரு கம்பெனியோட சர்வர், சார்."

"அப்ப என்ரை உரை அங்கை கிடக்கும். அதிபர் போய் எடுக்க வேணும்."

"ஆமா சார், அவ்ளோதான்."

அண்ணை கதிரையில் நிமிர்ந்தார். "தம்பி, பார்சல் கொண்டு வாறவன் பெல்லை அடிக்காமல், கதவுக்குள்ளாலை ஒரு கார்ட்டைப் போட்டிட்டுப் போறான். 'வந்தனாங்கள், நீங்கள் இல்லை, டிப்போவிலை வந்து எடுங்கோ' எண்டு. வீட்டிலை ஆள் இருக்கத்தக்கனவே போடுறான். அதுக்கும் உதுக்கும் என்ன வித்தியாசம்? நான் அதிபருக்கு உரை அனுப்புறனோ, கார்ட் அனுப்புறனோ?"

குருமூர்த்தி நேர்மையான மனுசன். மறைக்காமல் மற்றதையும் சொன்னார். "அப்புறம் சார், ஏழு நாளைக்குள்ள எடுத்துடணும். அதுக்கு மேல லிங்க் காலாவதி ஆயிடும்."

"காலாவதியாகிறதுக்கு என்ரை உரை என்ன தயிரே?"

வட்ஸ்அப் என்ற பேச்சும் வந்தது. அதில் ரோசாப்பூவுக்கும் காலை வணக்கத்துக்கும் நடுவில் தலைவர் உரை போவதா என்று கேட்டு அண்ணை அதையும் முடித்து வைத்தார். போனால் இமெயிலில், இணைப்பாக, முழுதாகப் போகவேண்டும். இது அவருடைய முடிவு. மூன்றாம் நாள் அது சங்கத்தின் கொள்கை ஆகிவிட்டது.

முதலில் ஃபைலைச் சுருக்கிப் பார்த்தார்கள். ஜெஸ்ரின் திரும்ப வந்து இருபத்துநாலுக்குக் கொண்டுவந்தான். அப்படியும் போகவில்லை. இமெயிலில் கட்டும்போது ஃபைல் வீங்குமாம், மூன்றில் ஒரு பங்கு கூடுமாம் என்று குருமூர்த்தி விளங்கப்படுத்தினார். இன்னும் நசுக்கி பதினெட்டு ஆக்கினார்கள். அது போகத் தயாராக இருந்தது. அனுப்ப முதல் ஒருக்கால் போட்டுப் பார்ப்போம் என்று கனகாம்பிகை அக்காதான் சொன்னார்.

திரையில் ஒரு கறுப்புச் சதுரம், அதற்கு மேல் ஒரு மண்ணிறச் சதுரம், பக்கத்தில் சிவப்பாக ஏதோ அசைந்தது. சிவப்பு பொன்னாடையாக இருக்கவேண்டும். அண்ணையின் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து வந்தது. தோட்டத்து நடையில் அண்ணை எது, பக்கத்து வீட்டுக் கிழவி எது என்று பிரிக்க முடியவில்லை.

"பரவாயில்லை, வயது தெரியேல்லை" என்றார் கனகாம்பிகை அக்கா.

அதைவிடப் பெரிய பிழை அந்த எண்ணிக்கையில் இருந்தது. ரொறன்ரோவின் உரையும் பதினெட்டு. பதினொராயிரம் என்று ஊரெல்லாம் சொன்ன மனுசன் பதினெட்டோடு போய் நிற்பதா? அண்ணை நிர்வாகக் குழுவைக் கூட்டினார்.

கிங்ஸ்பரியில் ஒரு தேவாலயத்தின் பக்க மண்டபத்தில் கூடினோம். உரையை வெட்டிச் சிறிதாக்கலாமா என்பதுதான் ஒரே விடயம். விளித்தலை வெட்டலாம் என்றார் ஒருவர். யார் பெயரை வெட்டுவது என்று கேட்டபோது அவரே பின்வாங்கினார். எல்லோருடைய பெயரும் அதில் இருந்தது. என்னுடையதும், "நூலகப் பொறுப்பாளர்" என்ற பட்டத்தோடு. வெட்டவேண்டாம் என்று நானும் கை உயர்த்தினேன்.

குருமூர்த்தி மெதுவாக, "சார், நடுவுல ஒரு நிமிஷம் யாருமே பேசலையே, அதை எடுத்துடலாமா?" என்று கேட்டார். அது காலமான உபதலைவருக்கு மௌன அஞ்சலி. பேசாத நிமிடமும் பேசுகிற நிமிடமளவுக்கு இடம் பிடிக்கிறது என்று அவர் கணக்குக் காட்டினார். உபதலைவரின் மைத்துனர் எழும்பி நின்றுவிட்டார். இந்தியாக்காரருக்கு எங்கள் இழப்பு விளங்காது என்று ஒரு குரல் பின்னுக்கிருந்து வந்தது. குருமூர்த்தி மன்னிப்புக் கேட்டார். அவரைச் சமாதானப்படுத்துவதற்காக "மின்னஞ்சல் இணைப்பு உபகுழு" என்று ஒன்றை அமைத்து அவரையே அதன் தலைவராக்கினோம். அவர் வேண்டாம் என்று சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

உபகுழுவின் தீர்வு, வெட்டாமல் பிரிப்பது. உரையைப் பார்க்கக்கூடிய தரத்துக்கு மட்டும் சுருக்கி, ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனி இமெயிலில் இணைத்து அனுப்புவது. நாற்பத்துச் சொச்சம் துண்டுகள் வந்தன. ஊரில் யாராவது அவற்றைத் திரும்ப ஒட்டிக்கொள்வார்கள்.

"ஒட்டத் தெரிஞ்சவை அங்கை இருக்கினமோ?" என்று வத்சலா கேட்டாள்.

"எங்கட பள்ளிக்கூடம் பிள்ளை" என்றார் அண்ணை. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

அனுப்புகிற வேலை வத்சலாவுக்கு. பல்வலிக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்து, மதிய இடைவேளையில் சாண்ட்விச்சைக் கடித்தபடி, அவள் ஒவ்வொன்றாக அனுப்பினாள். அண்ணையிடமிருந்து மேலதிக அறிவுறுத்தல்களும் வந்தன. ஒவ்வொரு இமெயிலும் மரியாதைக்குரிய விளிப்போடு தொடங்கவேண்டும், இலக்கம் இல்லாமல் ஒரு துண்டும் போகக்கூடாது. நிர்வாகக் குழு முழுவதற்கும் பிரதி. தகவலுக்காக ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் பிரதி.

அந்தக் கிழமை எங்கள் யாருடைய இமெயிலும் வேலை செய்யவில்லை. பெட்டியைத் திறந்தால் தலைவர். எனக்கு வரவேண்டிய கவுன்சில் கடிதம் தலைவரின் பதினாறாம் பகுதிக்கும் பதினேழாம் பகுதிக்கும் நடுவில் எங்கேயோ நசுங்கிக் கிடந்தது. பாரிஸ் கிளை எங்களை அவர்களுடைய பெட்டியில் தடை செய்துவிட்டது.

இருபத்தைந்தாம் துண்டுக்குப் பிறகு அனுப்பியவை வத்சலாவிடமே திரும்பி வரத் தொடங்கின. பெறுபவரின் பெட்டி நிறைந்துவிட்டது என்று ஒவ்வொன்றோடும் ஓர் அறிவித்தல். அவள் அண்ணைக்குச் சொன்னாள்.

"நிறைஞ்சு போச்சோ? என்ரை உரையாலையோ?"

"ஓம் அண்ணை. அதிபற்றை பெட்டி முழுக்க நீங்கள்தான்."

அவர் கவலைப்படுவார் என்று அவள் நினைத்தாள். அடுத்த நாள் ரொறன்ரோவிலிருந்து கோபமான கடிதம் ஒன்று வந்தது. தங்கள் தலைவரின் பதினெட்டு மெகாபைட் உரையும் கல்லூரிக்குப் போகாமல் திரும்பிவிட்டது, இது லண்டன் கிளையின் திட்டமிட்ட சதி என்று. அண்ணை அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். கோயிலில் கண்ட ஆட்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார்.

மிச்சத் துண்டுகளைப் பென் டிரைவில் போட்டு, ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து விடுகிற வேலையும் நடந்தது. அவர் ஊர் போய்ச் சேராமல் வெள்ளவத்தையில் ஒரு கலியாணவீட்டோடு நின்றுவிட்டார்.

விழாவுக்கு நாள் கிட்டியது. வத்சலாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வேலைக்கு வெள்ளென வந்து, வைத்தியசாலையின் பின்னறையில் நின்று, அதிபர் பெனிற்றாவுக்கே போன் எடுத்தாள். இதை அவள் எனக்குப் பிறகுதான் சொன்னாள். அண்ணை வீட்டிலிருந்து திரும்பும் வழியில், அக்டன் டவுனில் ரயில் மாற நின்றபோது.

"ரீச்சர், நான் வத்சலா, லண்டனிலை இருந்து. உங்கட பெட்டியை அடைச்சது நாங்கள்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"தெரியும் பிள்ளை. ஒவ்வொண்டா அழிச்சுக்கொண்டு இருக்கிறன்."

"தலைவருக்குச் சொல்லாமல் நான் ஒரு வேலை செய்யிறன். முழு உரைக்கும் ஒரு லிங்க் போட்டு உங்கட சொந்த நம்பருக்கு அனுப்புறன். நீங்கள் அப்பிடியே இறக்கி—"

"ஐயோ, வேண்டாம் பிள்ளை!"

அதிபரின் குரல் உயர்ந்த வேகத்தில் வத்சலா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

"போன வருசம் பாரிஸ் தலைவர் லிங்க்தான் அனுப்பினவர்" என்றார் பெனிற்றா. "முழுசா வந்து இறங்கிச்சுது. முக்கால் மணித்தியாலம். தகரக் கூரை, கரண்டும் மண்டபத்திலை ஒரு பக்கம்தான், ஃபான் ஓடேல்லை. ரெண்டு பிள்ளையள் மயங்கி விழுந்து, தண்ணி தெளிச்சு எழுப்பினது. பிரதம விருந்தினர் நித்திரை. பிள்ளையளுக்குக் கட்டி வைச்ச சாப்பாடு பழுதாப் போச்சு. நான் காசு தாறவையை நிப்பாட்டச் சொல்ல ஏலுமோ? லிங்க் எண்டால் எனக்கு ஒரு சாட்டும் இல்லை. அற்றாச்மென்ற் எண்டால், வந்து சேரேல்லை, திறக்கேல்லை, பெட்டி நிறைஞ்சிட்டுது எண்டு சொல்லலாம். உங்கட தலைவர் அற்றாச்மென்ற்தான் எண்டு நிக்கிறார் எண்டு கேள்விப்பட்டு நான் நேர்த்தி வைக்காத குறை. தயவுசெய்து அவற்றை மனதை மாத்திப்போடாதேங்கோ."

வத்சலா பின்னறைக் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தாளாம். கண்ணில் தண்ணீர் வரும்வரை. பல்லுக் கழற்ற வந்த மனுசி ஒருத்தி வெளியில் பயந்துபோய் இருந்தாளாம்.

"ஏதாவது ஒரு துண்டு போடுவியளோ ரீச்சர்? ஒண்டும் போடாட்டில் மனுசன் தாங்கமாட்டார்."

"போடுவன் பிள்ளை. ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறன்" என்றார் பெனிற்றா.

விழா அன்று எங்களுக்குக் காலை. நிர்வாகக் குழு முழுவதும் அண்ணை வீட்டு ஹோலில் இருந்தோம். குருமூர்த்தி நேரலையைத் தொலைக்காட்சியில் வரப்பண்ணினார். கனகாம்பிகை அக்கா உளுந்துவடை சுட்டு வைத்திருந்தார். அண்ணை கழுத்துப் பட்டியும் கட்டி முன் கதிரையில் இருந்தார்.

இறைவணக்கம், வரவேற்பு நடனம், அறிக்கை எல்லாம் முடிந்தன. அதிபர் மைக்கைப் பிடித்தார். "லண்டன் கிளைத் தலைவர் அவர்களின் செய்தி எமக்கு மின்னஞ்சல் மூலம் கிடைக்கப்பெற்றது" என்றார். நாங்கள் வாங்கிக் கொடுத்த திரையில் எங்கள் தலைவர் தெரிந்தார்.

விளித்தல் இல்லை. தோட்டத்து நடை இல்லை. அண்ணை மேசையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கடதாசிக்குக் கீழே பார்த்தார், கோட் பையைத் தட்டிப் பார்த்தார். "அம்பிகை, என்ரை கண்ணாடி எங்கை?" என்றார். "தலையிலை" என்று படத்துக்கு வெளியே ஒரு குரல். வேலங்கேணி மண்டபம் சிரித்தது.

"உதை வெட்டச் சொன்னனான்!" அண்ணை கதிரையை விட்டு எழும்பினார். "ஜெஸ்ரினுக்கு வடிவாச் சொன்னனான், உதை வெட்டச் சொல்லி!"

திரையில் இருந்த அண்ணை கண்ணாடியைப் போடவில்லை. கையில் இருந்த கடதாசியைக் கீழே வைத்தார். கமரா ஓடவில்லை என்று நினைத்தாரோ, வெட்டுவார்கள் என்று நினைத்தாரோ, வேறு குரலில் கதைக்கத் தொடங்கினார்.

"உண்மையைச் சொன்னால் பிள்ளையள், எனக்கு உந்த மேடையிலை ஒருக்காலும் பரிசு கிடைச்சதில்லை. கணக்கிலை ரெண்டு தரம் ஃபெயில். பரிசளிப்பு எண்டால் நானும் பாலேந்திராவும் கடைசி வாங்கிலை இருந்து மற்றப் பிள்ளையளுக்குக் கை தட்டுவம். கை நோகும். ஆனால் தட்டுவம். இண்டைக்கும் அந்தக் கடைசி வாங்கிலை ஆரோ இருப்பியள். உங்களுக்கு நான் சொல்லுறது என்னெண்டால்—"

துண்டு அந்த இடத்தில் முடிந்தது.

மண்டபத்தின் பின்னுக்கிருந்து விசில் கேட்டது. கடைசி வரிசை வாங்குகளில் இருந்த பெடியள் எழும்பி நின்று கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து, அவர்களும் தட்டினார்கள். கமரா பின்பக்கம் திரும்பியபோது ஒரு பெட்டைப்பிள்ளை வாங்கின் மேலேயே ஏறி நின்றாள்.

அண்ணை இன்னும் நின்றபடியே இருந்தார். "அடுத்த துண்டு போடுவினம்" என்றார். அடுத்ததாகக் கும்மி நடனம் வந்தது. அவர் அது முடியும்வரை பார்த்தார். எங்கள் சங்க மலரில் அவரைப் பற்றி "கல்வியிலும் விளையாட்டிலும் பல பரிசில்களைத் தட்டிச் சென்றவர்" என்று மூன்று வருடமாகப் போட்டு வருகிறோம். எழுதியது நான். சொன்னது அவர். நான் அவரைப் பார்க்கவில்லை. வேறு ஒருவரும் பார்க்கவில்லை. கனகாம்பிகை அக்கா மட்டும் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, "குடியுங்கோ, ஆறப்போகுது. நல்லாத்தான் சொன்னியள்" என்றார். அவர் வாயிலிருந்து அண்ணையின் உரை ஒன்றுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது என்று நினைக்கிறேன்.

மத்தியானத்துக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. சிட்னியிலிருந்து, சூரிச்சிலிருந்து, ஊரிலிருந்தே. வேலங்கேணி மேடையில் இதைவிட நல்ல உரை கேட்டதில்லை என்றார்கள். ரொறன்ரோத் தலைவரே எடுத்துச் சதிக் குற்றச்சாட்டை மீளப்பெறுவதாகச் சொன்னார். தானும் கணக்கில் ஒரு தரம் ஃபெயில் என்று சேர்த்துச் சொன்னாராம். பின்னேரம் ஆகும்போது அண்ணையின் முதுகு நிமிர்ந்துவிட்டது. கோட்டைத் திரும்பப் போட்டார்.

"ஒரு நிமிசத்துக்கே இப்பிடியெண்டால்" என்று வத்சலாவிடம் சொன்னார், "முப்பத்தெட்டு நிமிசமும் போட்டிருந்தால் எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பார்."

"யோசிச்சுப் பாத்தனான் அண்ணை" என்றாள் வத்சலா.

இரண்டு கிழமை கழித்துக் கல்லூரியிலிருந்து எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் வாழ்த்துரைகள் மின்னஞ்சலில் இணைப்பாக மட்டுமே ஏற்கப்படும். ஒரு கிளைக்கு ஒரு மின்னஞ்சல், அதில் ஓர் இணைப்பு. லிங்குகள் திறக்கப்படமாட்டா. அண்ணை அதைச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டினார். தொழில்நுட்பத்தில் லண்டன் கிளை காட்டிய வழியைக் கல்லூரி ஏற்றுக்கொண்டது என்று பொதுக்கூட்டத்தில் அறிவித்தார். குருமூர்த்தி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அவர் வீடு மாறப் போகிறார் என்று கேள்வி. போட்டியின்றி அண்ணை திரும்பத் தலைவரானார். செயலாளருக்கு ஆள் கேட்டபோது வத்சலா இந்த முறை எங்கள் எல்லோருக்கும் முன்னதாக நிலத்தைப் பார்த்தாள். தெரிவானது நான்.

செயலாளராக முதல் வேலைக்கு அண்ணை வீட்டுக்குப் போனபோதுதான் ஒஸ்லோவிலிருந்து அந்தப் போன் வந்தது. அண்ணை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். போனைக் காதில் வைத்தால் மூளைக்குக் கூடாது என்பது அவர் நம்பிக்கை.

"டேய் சபா, நான் பாலேந்திரா."

அண்ணை போனைக் கிட்ட இழுத்தார். இரண்டு பேரும் கடைசியாகக் கதைத்து எத்தனையோ வருடமாம். சண்டை ஒன்றும் இல்லை. ஒருவர் நோர்வேக்குப் போனார், ஒருவர் கடை திறந்தார், அவ்வளவுதான்.

"என்ரை பேத்தி காட்டினவள்" என்றது குரல். "கை தட்டினதையெல்லாம் ஞாபகம் வைச்சிருக்கிறாய். அது சரி, அதுக்குப் பிறகு என்ன சொன்னனி? கடைசி வாங்குப் பிள்ளையளுக்கு?"

இந்தக் கேள்வியை எல்லோரும்தான் கேட்டார்கள். அண்ணை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லி வந்தார். ஒருமுறை விடாமுயற்சி, ஒருமுறை தாய்மொழி. இப்போது எனக்கு முன்னால் இருந்துகொண்டு அவர் தலையைச் சொறிந்தார்.

"ஒழுங்காப் படிச்சுப் பரிசு எடுங்கோ எண்டுதான் சொன்னனான்."

அந்தப் பக்கத்தில் சிரிப்பு வெடித்தது. அது ஓய நேரமாயிற்று. "நல்ல காலமடா" என்றார் பாலேந்திரா, மூச்சு வாங்கியபடி. "நல்ல காலம் வெட்டுப்பட்டது."

அண்ணைக்குக் கோபம் வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் சிரித்தார். பிறகு கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். முதன்முறையாக அதைக் காதில் வைத்திருந்தார். நான் கொண்டுபோன கூட்ட அறிக்கையைக் கனகாம்பிகை அக்கா வாங்கி மேசையில் வைத்தார்.

"அவர் இனி வரமாட்டார் தம்பி. நீங்கள் சாப்பிட்டிட்டுப் போங்கோ."